யாரிடம் கணக்குச் சொல்வது? – டார்ஃபூரை முன்வைத்து



அக்காவின் பெயரில் நடக்கும் இந்த நினைவுச் சொற்பொழிவில் வழக்கமாக இலக்கியம் பேசுவோம். இந்த ஆண்டு சூடானைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் நண்பர்கள் சிலர், "நம்ம ஊர்ப் பிரச்சினையே தலைக்கு மேல கிடக்கு, இதுல சூடான் வேறயா?" என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கான பதிலை அக்காவின் கணக்கு நோட்டிலிருந்து தொடங்குகிறோம்.

எங்களில் மூத்தவர்களுக்கு அந்த நோட்டு தெரியும். ஒரு காலனி எரிக்கப்பட்ட மறுவாரம், கல்லூரி வாசல்களிலும் பேருந்து நிலையத்திலும் உண்டியல் குலுக்கிப் பணம் சேர்த்தோம். சேர்ந்த பணத்தில் எவர்சில்வர் பாத்திரம், சேலை, அரிசி என்று ஒரு மினி லாரி நிறைய வாங்கிக்கொண்டு போய் இறங்கினோம். பெருமையாகத்தான் இருந்தது. ஒரு பாட்டி குண்டானைக் கையில் வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சோத்துக்கு எப்படியாச்சும் வழி பண்ணிக்குவோம் கண்ணு. ராத்திரிக்கு என்ன கொண்டாந்திருக்கீங்க?"

எங்களுக்குப் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்தது. தெருமுனையில் விளக்கு இல்லை. எரித்தவர்கள் அந்த இருட்டு வழியாகத்தான் வந்திருந்தார்கள். சாட்சி சொல்ல வேண்டியவர்கள் பஸ் ஏறுவதற்கு ஊர்த்தெருவைத் தாண்டித்தான் போக வேண்டும். அன்று மாலையே பாதிப் பாத்திரங்கள் கடைக்குத் திரும்பின. கடைக்காரர் விலை குறைத்துத்தான் எடுத்துக்கொண்டார். அந்த நட்டமும் நோட்டில் ஏறியது. டார்ச் லைட்டுகள், தெருமுனைக்கு ஒரு விளக்கு, சாட்சிகள் சேர்ந்து போய்வர வேன் வாடகை என்று மீதிப் பணம் போனது. ஒரு மாதம் கழித்து அக்கா காலனிக்கே போய், வேப்பமரத்தடியில் எல்லாரையும் உட்கார வைத்து, வரவையும் செலவையும் வரிவரியாக வாசித்தார். முதல் நாள் நாங்கள் சாப்பிட்ட டிபன் 340 ரூபாய் என்பதும் அதில் இருந்தது. "அதை ஏன் எங்க கணக்குல எழுதுனீங்க?" என்று ஒரு பையன் கேட்டான். யாரிடமும் பதில் இல்லை. அந்தத் தொகையை நாங்கள் எங்கள் கையிலிருந்து திருப்பிக் கட்டினோம்.

டார்ஃபூரைப் பற்றிப் படிக்கப் படிக்க அந்தப் பாட்டியின் கேள்வியும் அந்தப் பையனின் கேள்வியும்தான் எங்களுக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தன.

டார்ஃபூர் சூடானின் மேற்குப் பகுதி. தமிழ்நாட்டைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு நிலப்பரப்பு. 2003 தொடக்கத்தில் அங்கே கிளர்ச்சி வெடித்தபோது, உமர் அல் பஷீரின் அரசு விமானப்படையோடு ஜன்ஜாவீத் என்ற குதிரைப்படைக் கூலிக்கும்பலையும் ஏவிவிட்டது. குறி வைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் ஃபூர், மசாலித், ஸகாவா மக்கள். ஊர்களை எரிப்பது, கிணறுகளைப் பாழாக்குவது, பெண்களை வன்புணர்வது என்று ஒரே முறையில் ஊர் ஊராக நடந்தது. கிணற்றைக் கெடுப்பது என்றதும் 1995 கொடியங்குளம் உங்களுக்கு நினைவு வரலாம். இரண்டையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அளவும் வேறு, சட்டப் பெயரும் வேறு. ஒரு சனம் மீண்டும் தலையெடுக்கக் கூடாது என்று நினைப்பவன் முதலில் எதன்மேல் கை வைக்கிறான் என்பது மட்டும் நமக்குத் தெரிந்த பாடம். டார்ஃபூரில் செத்தவர்கள் 3 லட்சம் பேர் என்பது ஐ.நா. சொன்ன மதிப்பீடு. 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள்.

2004 இலையுதிர் காலத்தில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள ஸ்வார்த்மோர் கல்லூரி மாணவர்கள் சிலர் புதுமையான ஒரு காரியத்தைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான மார்க் ஹானிஸ் நாஜிப் படுகொலையிலிருந்து தப்பியவர்களின் பேரன். அரிசிக்கும் போர்வைக்கும் பணம் திரட்ட எத்தனையோ அமைப்புகள் இருக்கின்றன, கொலையைத் தடுக்கப் பணம் திரட்ட ஏன் யாரும் இல்லை என்று அவர்கள் கேட்டார்கள். அப்போது டார்ஃபூரில் இருந்த ஒரே வெளிப்படை ஆப்பிரிக்க ஒன்றியத்தின் சிறிய அமைதிப்படைதான். அந்தப் படைக்கே பொதுமக்களிடம் நிதி திரட்டுவது என்று முடிவெடுத்தார்கள். பாட்டியின் கேள்வியை, அவரைப் பார்க்காமலே, அந்தப் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். அதற்காக எங்களுக்கு அவர்கள்மேல் மரியாதை உண்டு. பிறகு அவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு டார்ஃபூர் விஷயத்தில் மதிப்பெண் போட்டார்கள். தேர்வுத்தாளில் போடுவது போல ஏ முதல் எஃப் வரை. தொகுதி மக்கள் தங்கள் உறுப்பினரை நேராக அழைத்துக் கேட்க இலவசத் தொலைபேசி எண் ஒன்றும் வைத்தார்கள். நம் ஊர் எம்.பி.க்களுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விஷயத்தில் இப்படி ஒரு மதிப்பெண் பட்டியல் போட்டால் எத்தனை பேர் தேறுவார்கள் என்பதை மாணவத் தோழர்கள் யோசிக்கலாம்.

ஆனால் அந்தப் படையின் நிலைமை என்ன? உச்சகட்டத்தில் சுமார் 7,000 பேர். அவர்களுக்கு முதலில் கொடுக்கப்பட்ட வேலை போர்நிறுத்தத்தைக் கண்காணிப்பது. கண் முன்னால் ஆபத்தில் இருப்பவரைக் காக்கலாம், அதுவும் தங்கள் சக்திக்கு உட்பட்டு என்ற அனுமதி பிறகு வந்தது. வண்டிக்கு எரிபொருள் இல்லை, மாதக்கணக்கில் சம்பளம் இல்லை என்று திண்டாடினார்கள்.

அந்தப் படை செய்த வேலைகளில் ஒன்றை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முகாமில் அடைந்திருந்த மக்களுக்குத் தானியம் கிடைத்தது. சமைக்க விறகு இல்லை. விறகுக்கு முகாமை விட்டு வெகுதூரம் போக வேண்டும். ஆண்கள் போனால் கொல்லப்படுவார்கள். பெண்கள் போனால் வன்புணர்வுக்கு ஆளாவார்கள், ஆனால் உயிரோடு திரும்பக்கூடும். குடும்பங்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பெண்களை அனுப்பின. அப்படி ஒரு கணக்கைப் போட வைப்பதுதான் இனப்படுகொலை. பெண்கள் விறகுக்குப் போகும் நாளில் படை வண்டிகள் கூடவே போய்வரும் ஏற்பாடு சில முகாம்களில் நடந்தது. வண்டி போன நாள்களில் பெண்கள் சேதமில்லாமல் திரும்பினார்கள். ஒழுங்காகப் போகாத இடங்களில் பழைய கதைதான். பாதுகாப்பு என்ற பெரிய சொல்லைப் பிரித்துப் பார்த்தால் கடைசியில் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்தப் பாதையில் வண்டி வரும் என்பதில்தான் வந்து நிற்கிறது. அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் விறகு சுமந்த பெண்கள் மட்டுமே.

அவர்களிடம் யார் கேட்டார்கள்? அதே காலத்தில் 'டார்ஃபூரைக் காப்போம்' என்ற மாபெரும் கூட்டமைப்பு அமெரிக்காவில் எழுந்தது. 2006 ஏப்ரலில் வாஷிங்டனில் பல்லாயிரம் பேரைத் திரட்டிப் பேரணி நடத்தினார்கள். கோடிக்கணக்கில் நிதி வந்தது. அந்த நிதி விளம்பரத்துக்கும் பரப்புரைக்கும் உரியது, முகாம்களுக்குப் போவதல்ல. அமைப்பு அதை மறைக்கவில்லை என்றாலும் கொடுத்தவர்களில் பலருக்கு அது தெரியாது. 2007இல் அவர்கள் டார்ஃபூர் வானத்தில் சூடான் விமானங்கள் பறக்கத் தடை கோரி விளம்பரம் செய்தபோது, அங்கேயே வேலை செய்துகொண்டிருந்த நிவாரண அமைப்புகள் பதறிப்போய் எதிர்த்தன. அப்படித் தடை வந்தால் எங்கள் நிவாரண விமானமும் நின்றுபோகும், எங்கள் ஆட்களையும் தாக்குவார்கள் என்றார்கள். அந்த வாக்கியத்தை விளம்பரத்தில் போடுவதற்கு முன் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மாணவர்கள் தொடங்கிய அமைப்பு 2010 கடைசியில் இந்தப் பெரிய கூட்டமைப்போடு இணைந்தது.

மஹ்மூத் மம்தானி இதையெல்லாம் கடுமையாக விமர்சித்தார். டார்ஃபூரின் அரசியலை உரித்தெடுத்துவிட்டு, அரபுக் கொடியவன், ஆப்பிரிக்கப் பாவி, மேற்கத்திய இரட்சகன் என்று நாடகமாக்கிவிட்டார்கள் என்பது அவர் வாதம். தங்கள் சொந்தப் படை ஈராக்கில் கொன்றுகொண்டிருந்தபோது டார்ஃபூருக்காகத் திரள்வது அமெரிக்கர்களுக்குச் சுலபமாக இருந்தது என்றும் சொன்னார். பெரும்பகுதி சரி என்றே நாங்கள் படித்தோம். ஒன்று மட்டும் உறுத்துகிறது. பெயரிடும் அரசியலை அவ்வளவு நுட்பமாகப் பிரித்துக்காட்டும் அந்த எழுத்திலும், விறகு சுமந்தவள் என்ன பெயர் வைத்தாள் என்று நாங்கள் தேடிப் பார்த்தோம். அதிகம் கிடைக்கவில்லை. விமர்சகரும் கூட முகாமுக்கு வெளியே நின்றே பேசுகிறார் என்று தோன்றியது.

இந்த விவாதம் நமக்குப் புதியதல்ல. 1932 நவம்பரில், வட்டமேசை மாநாட்டுக்குப் போகும் கப்பலிலிருந்து அண்ணல் அம்பேத்கர், அப்போதுதான் தொடங்கப்பட்டிருந்த தீண்டாமை எதிர்ப்புக் கழகத்தின் செயலாளர் தக்கருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஒரு சிலரைத் தேர்ந்தெடுத்து உதவித்தொகையும் மருந்தும் கொடுத்து முன்னேற்றுவதில் பணத்தைக் கரைக்காதீர்கள், கிராமத்தில் பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கும் உரிமைக்கும் பள்ளியில் நுழையும் உரிமைக்கும் போராடுங்கள், அதில் அடிதடி வரும், அந்த நேரத்தில் அந்த மக்களோடு நிற்கும் ஊழியர் படையை உருவாக்க நிதியைச் செலவிடுங்கள் என்பது அதன் சாரம். கடிதம் கிடைத்தது என்று கூடப் பதில் வரவில்லை. ஹரிஜன சேவா சங்கமாகப் பெயர் மாறிய அந்த அமைப்பின் நிர்வாகத்தில் தீண்டப்படாதோருக்கு ஏன் இடமில்லை என்று கேட்டபோது காந்தி சொன்ன விளக்கத்தையும் அம்பேத்கர் பதிவு செய்திருக்கிறார். இது கடன்பட்டவர்களின் அமைப்பு, கடன் கொடுத்தவர்களுக்கு இதில் என்ன இடம் என்பது காந்தியின் வாதம். எவ்வளவு பணிவான பேச்சு பாருங்கள்! கடன்காரன் எவ்வளவு கட்டுகிறான், எப்போது கட்டுகிறான், எந்த இனத்தில் கட்டுகிறான் என்பதை அவனே எழுதி அவனே கையெழுத்துப் போட்டுக்கொள்வான். நோட்டை வாங்கிப் பார்க்கும் உரிமை கடன் கொடுத்தவனுக்கு இல்லை.

நம் நாட்டுக்கும் டார்ஃபூருக்கும் நடுவே ஒரு கணக்கு இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த டாலிஸ்மன் என்ற எண்ணெய் நிறுவனம் சூடானில் 25 விழுக்காடு பங்கு வைத்திருந்தது. எண்ணெய்ப் பணத்தில்தான் சூடான் அரசு தன் மக்கள்மேல் போர் நடத்துகிறது என்று தேவாலயங்களும் மனித உரிமை அமைப்புகளும் ஆண்டுக்கணக்கில் நெருக்கியதில் அது வெளியேற வேண்டி வந்தது. அந்தப் பங்கை 2003இல் வாங்கியது யார் தெரியுமா? நம் பொதுத்துறை நிறுவனமான ஓ.என்.ஜி.சி. விதேஷ். டார்ஃபூர் எரியத் தொடங்கிய அதே ஆண்டு. பிறகு அமெரிக்க மாணவர்கள் தங்கள் பல்கலைக்கழக முதலீட்டைத் திரும்பப் பெறச் சொல்லிப் போராடியபோது, சீன, மலேசிய நிறுவனங்களோடு நம் ஓ.என்.ஜி.சி.யின் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது. நாங்கள் அப்போது படித்துக்கொண்டும் துண்டறிக்கை எழுதிக்கொண்டும் இருந்தோம். இப்படி ஒரு செய்தி எங்கள் காதில் விழவே இல்லை. உண்டியல் குலுக்கிச் சேரும் பத்தாயிரம் ரூபாய்க்கு வரிவரியாகக் கணக்கு எழுதிய நாம், நம் பெயரில் அங்கே போன கோடிகளுக்கு ஒரு வரி கேட்கவில்லை.

இனி 2023. பழைய ஜன்ஜாவீத்திலிருந்து 2013இல் உருவாக்கப்பட்ட ஆர்.எஸ்.எஃப். என்ற துணைப்படைக்கும் சூடான் ராணுவத்துக்கும் ஏப்ரல் 15 அன்று போர் மூண்டது. டார்ஃபூரிலிருந்த ஐ.நா. அமைதிப்படையின் பணி 2020 கடைசி நாளோடு முடிந்திருந்தது. மேற்கு டார்ஃபூரின் எல் ஜெனீனா நகரில் மட்டும் அந்த ஆண்டில் 10,000 முதல் 15,000 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. வல்லுநர் குழு பின்னர் மதிப்பிட்டது. பெரும்பாலும் மசாலித் மக்கள். இம்முறை வாஷிங்டனில் பேரணி இல்லை. நிறைய தூதரகங்கள் தங்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டன.

எஞ்சியவர்கள் தாங்களே தொடங்கினார்கள். 2018–19இல் பஷீரை வீழ்த்திய எழுச்சியில் தெருவுக்குத் தெரு எதிர்ப்புக் குழுக்கள் இருந்தன. அந்த இளைஞர்களும் பெண்களும் 'அவசர உதவி அறைகள்' என்ற பெயரில் கூடினார்கள். குண்டு விழும் தெருவிலிருந்து குடும்பங்களை வெளியேற்றுவது, எந்தப் பாதை இன்று திறந்திருக்கிறது என்று சொல்வது, தண்ணீர்க் குழாயையும் மின்கம்பியையும் ஒட்டுப்போடுவது, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு மருந்து தேடுவது எல்லாம் அவர்கள் வேலை. எல்லாவற்றுக்கும் மேலாகப் பொதுச் சமையல். அந்தச் சமையல்கூடத்துக்கு அங்கே 'தக்கியா' என்று பெயர். நம் கடற்கரை ஊர்களில் சூஃபிகளின் இடத்தைத் 'தைக்கா' என்கிறோமே, அதே சொல்தான். ஊரே கூடி ஒருவர் வயலில் வேலை செய்து கொடுக்கும் 'நஃபீர்' என்ற பழைய வழக்கத்தையும் தங்கள் வேர் என்று சொல்கிறார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது? முதலில் வெளிநாட்டில் வேலை பார்க்கும் சூடானியரிடமிருந்து. கார்ட்டூம் வங்கியின் 'பங்கக்' என்ற கைப்பேசிச் செயலி வழியாக, சிறு சிறு தொகைகளாக. மூன்று கொட்டேஷன் வாங்கு, ரசீது ஒட்டு என்று பெரிய நிதி அமைப்புகள் கேட்கும்போது, சந்தையில் ஒரே ஒரு கடைதான் திறந்திருக்கிறது, அவரும் ரசீது தரமாட்டார் என்று இவர்கள் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் கணக்கு இல்லாமல் இல்லை. பருப்புக் குறைந்தால் வரிசையில் நிற்கும் அண்டை வீட்டுக்காரிக்கு அன்றே தெரிந்துவிடும். அவள் கேட்பாள், சமைப்பவர் பதில் சொல்லியாக வேண்டும். வேப்பமரத்தடியில் எங்களைக் கேட்ட பையனைப் போல.

இதையும் அழகுபடுத்திவிடக் கூடாது. இரு தரப்புப் படைகளும் இந்தத் தொண்டர்களைக் கைது செய்தன, சித்திரவதை செய்தன, கொன்றன. ராணுவம் வந்தால் ஆர்.எஸ்.எஃப். ஆள் என்றார்கள், ஆர்.எஸ்.எஃப். வந்தால் ராணுவத்தின் ஆள் என்றார்கள். 2024 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு அறுந்தபோது செயலி வேலை செய்யவில்லை, அடுப்புகள் அணைந்தன. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது 1,000க்கும் மேற்பட்ட சமையல்கூடங்கள் மூடப்பட்டன. சொந்தக் காலில் நின்றார்கள் என்று நாம் கைதட்டிவிட்டுப் போவது, அரசுகளின் கடமையை அவர்கள் தலையில் கட்டுவதாகும். இனப்படுகொலையைத் தடுப்பது கையெழுத்திட்ட ஒவ்வொரு நாட்டின் கடமை என்று 1948 உடன்படிக்கை சொல்கிறது. 1959இல் அதை ஏற்ற இந்தியா இன்றுவரை அதற்கென்று தனிச்சட்டம் இயற்றவில்லை.

வடக்கு டார்ஃபூரின் தலைநகர் எல் ஃபஷர் 500 நாள்களுக்கு மேல் முற்றுகையில் கிடந்தது. ஆர்.எஸ்.எஃப். ஊரைச் சுற்றி மண்மேடு எழுப்பியது. உள்ளே தானியம் தீர்ந்ததும் மக்கள் 'அம்பாஸ்' தின்றார்கள். கடலையில் எண்ணெய் ஆட்டியது போக மிஞ்சும் சக்கை. மாட்டுக்கு வைக்கும் புண்ணாக்கு. பொதுச் சமையல்கூடங்களில் அதைத்தான் கரைத்துக் கொடுத்தார்கள். பிறகு அதுவும் கிடைக்கவில்லை. 2025 அக்டோபர் 26 அன்று ஊர் விழுந்தது. மகப்பேறு மருத்துவமனையிலேயே 460க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் தெரிவித்தது. தப்பி ஓடியவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, வெளியூரில் இருக்கும் உறவினர்களுக்குப் போன் போட வைத்துப் பிணைத்தொகை பறித்தார்கள். நேற்றுவரை பருப்புக்கு அனுப்பிய அதே அண்ணன், அதே கைப்பேசியில், தம்பியின் உயிருக்கு அனுப்பினான். அனுப்பியும் திரும்பாதவர்கள் உண்டு.

இந்த அரங்கில் இருப்பவர்களில் சிலர் 2009ஐ நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஐரோப்பாவில் இருந்த ஈழத்தமிழர்கள் வன்னி மக்களுக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்து 'வணங்காமண்' என்று பெயரிட்டு 800 டன்னுக்கு மேற்பட்ட உணவும் மருந்தும் ஏற்றி ஒரு கப்பல் அனுப்பினார்கள். இலங்கைக் கடலை அது எட்டியபோது முள்ளிவாய்க்கால் முடிந்திருந்தது. கடற்படை அதைத் திருப்பி அனுப்பியது. சரக்கு சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, வேறு கப்பல் ஏறி, கொழும்புத் துறைமுகத்தில் போய்த் தேங்கிக் கிடந்தது. கொடுத்தவர்களிடம் குறையில்லை. நடுவில் ஒரு கடல், அந்தக் கடலுக்கு ஒரு காவல்காரன், அவனோடு கைகோத்த நாடுகள். ஆகவே உண்டியலை எடுக்கும்போது, காவல்காரனுக்கு யார் படியளக்கிறார்கள் என்று கேட்கும் வேலையையும் சேர்த்தே எடுக்க வேண்டியிருக்கிறது. சூடானின் தங்கத்தில் பெரும்பகுதி போய்ச் சேர்வது ஐக்கிய அரபு அமீரகத்துக்கு. ஆர்.எஸ்.எஃப்.க்கு ஆயுதம் தருவதாக அந்நாட்டின்மேல் குற்றச்சாட்டு இருக்கிறது, அது மறுக்கிறது. அங்கிருந்து தங்கம் வாங்கும் பெரிய நாடுகளில் ஒன்று நம்முடையது. பெண்ணுக்குப் போடும் நகை எந்த மண் என்று எந்தக் கடையிலும் எழுதி வைப்பதில்லை.

என்ன செய்யலாம் என்று மாணவத் தோழர்கள் போன மாதம் கேட்டார்கள். உடனே உண்டியல் தூக்கலாம் என்றார்கள். நாங்கள் கொஞ்சம் பொறுக்கச் சொன்னோம். நம்மிடம் சேரும் தொகை சிறியது, அது போகும் பாதையும் நம் கையில் இல்லை. அக்கா இருந்திருந்தால் முதலில் எல் ஃபஷரிலிருந்து தப்பி வந்த யாரையாவது தேடிப்பிடித்து, ராத்திரிக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருப்பார். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் சூடானிய மாணவர்கள் படிக்கிறார்கள். அவர்களில் சிலரோடு பேசத் தொடங்கியிருக்கிறோம். அவர்கள் சொல்வதைப் பொறுத்துத்தான் மற்றது.

அதுவரை நம்மால் இங்கேயே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. ஓ.என்.ஜி.சி. விதேஷ் 2003 முதல் சூடானில் எவ்வளவு போட்டது, எவ்வளவு எடுத்தது, அந்த ஆண்டுகளில் டார்ஃபூர் பற்றி அதன் இயக்குநர் குழுக் கூட்டங்களில் ஏதாவது பேசப்பட்டதா என்று கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். வாசலில், அக்காவின் படத்துக்கு முன்னால் இருக்கும் மேசையில் பிரதிகள் இருக்கின்றன. திருத்தம் இருந்தால் பென்சிலில் குறித்துவிட்டுப் போங்கள். பக்கத்தில் இந்த அரங்கக் கூட்டத்தின் வரவு செலவு நோட்டும் திறந்தே இருக்கிறது. டீ, வடைச் செலவு உட்பட.